ஒரு வீட்டுக்கு ஒரே பெட்டி! விளம்பரத்தைத் தாண்டிய "கங்காரு"

அமெரிக்காவில் ஒரு கங்காரு, பெரிய பெரிய டெலிவிஷன் கம்பெனிகளைக் கோர்ட்டு படி ஏற வைத்தது. காட்டில் திரியும் கங்காரு அல்ல. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பெட்டி.

பெயர் "ஹாப்பர்". தாவிக் குதிப்பது என்று அர்த்தம். "டிஷ் நெட்வொர்க்" என்ற செயற்கைக்கோள் டி.வி. கம்பெனி 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் இதை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. கூடவே "ஜோயி" என்ற பெயரில் சின்னப் பெட்டிகள். ஜோயி என்றால் கங்காரு குட்டி. தாய் ஹாலில் இருக்கும். குட்டிகள் படுக்கை அறையில் ஒன்று, மாடியில் ஒன்று. தாய் மடியில் பதிவாகி இருக்கும் நிகழ்ச்சியை எந்தக் குட்டியும் எடுத்துக் காட்டும்.

இதில் என்ன பிரமாதம் என்கிறீர்களா? அதற்கு முன்பு நடந்த கூத்தைக் கேளுங்கள்.

அறைக்கு ஒரு பெட்டி

1994-ம் ஆண்டு "டைரக்டிவி" கம்பெனி 18 அங்குல "டிஷ்" தட்டைக் கொண்டுவந்தது. அதுவரை செயற்கைக்கோள் டி.வி. பார்க்க வேண்டுமானால் கொல்லைப்புறத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தட்டு வைக்க வேண்டும். 1996-ல் டிஷ் நெட்வொர்க்கும் களத்தில் இறங்கியது. அன்று முதல் இரண்டுக்கும் போட்டாபோட்டி.

1999-ல் "டிவோ" வந்தது. வீடியோ கேசட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்யும் பெட்டி. அடுப்பில் பால் பொங்குகிறதா? பொத்தானை அமுக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி அப்படியே நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து பார்க்கலாம்.

இந்த வித்தை செயற்கைக்கோள் கம்பெனிகளுக்குக் கைமேல் பலன் தந்தது. காரணம் உண்டு. வானத்தில் இருந்து வரும்போதே அந்தப் படம் டிஜிட்டல் முறையில் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பெட்டி செய்ய வேண்டியது, வந்ததை வந்தபடியே ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைப்பது மட்டுமே. பதிவு செய்த படமும் நேரடிப் படமும் ஒரே தெளிவாக இருக்கும். கேசட்டில் வந்த கோடு, புள்ளி எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு வில்லங்கம். ஒரு பெட்டியில் பதிவானதை அந்தப் பெட்டியில்தான் பார்க்க முடியும். மகள் ஆசையாகப் பதிவு செய்த தொடர் ஹால் பெட்டிக்குள் இருக்கிறது. அப்பா அங்கே ஃபுட்பால் பார்க்கிறார். "அப்பா, ஒரு மணி நேரம் விடுங்க!" "மேட்ச் முடியட்டும், போம்மா!" அவள் அறையில் தனி டி.வி., தனிப் பெட்டி எல்லாம் இருந்தும் பயன் இல்லை.

அறைக்கு ஒரு பெட்டி என்றால், ஒவ்வொன்றுக்கும் மாதக் கட்டணம். மொட்டை மாடித் தட்டில் இருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் கேபிள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டி என்றால் அதற்கு இரண்டு கேபிள். சுவர் எல்லாம் ஓட்டை.

இதற்கு வழி கண்டுபிடித்தது, சுவருக்குள் ஏற்கனவே ஓடிய அதே கேபிளில்தான். அதன் வழியாகவே ஒரு அறைப் பெட்டியில் இருக்கும் நிகழ்ச்சியை இன்னொரு அறைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. 2010-ல் டைரக்டிவி இதை "முழு வீட்டுப் பதிவு" என்று சொல்லி விற்றது. 2012-ல் "ஜீனி" என்ற பெட்டியை இறக்கியது. ஜீனி என்றால் அலாவுதீன் விளக்குப் பூதம். இந்தப் பூதம் ஒரே நேரத்தில் 5 நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும். ஒருவர் கங்காரு விட்டால் இன்னொருவர் பூதம் விடத்தானே வேண்டும்!

வந்தது வம்பு

வீட்டுச் சண்டை ஓய்ந்தது. வீதிச் சண்டை தொடங்கியது.

ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ். அமெரிக்காவின் நான்கு பெரிய டெலிவிஷன் கம்பெனிகள் இவை. இவற்றின் இரவு நேர நிகழ்ச்சிகள் அத்தனையையும், ஒரு தடவை பொத்தானை அமுக்கினால் போதும், ஹாப்பர் தினமும் தானாகப் பதிவு செய்து 8 நாள் வைத்திருக்கும். நான்கும் வானத்தில் இருந்து ஒரே அலைக்கற்றையில் வருவதால் பெட்டிக்கு அது பெரிய வேலை இல்லை.

அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. 2012 மே மாதம் டிஷ் இன்னொன்றைச் சேர்த்தது. மறுநாள் பார்க்கும்போது விளம்பரம் வந்தால், பெட்டி தானாகவே அதைத் தாண்டிவிடும்! பெயருக்கு ஏற்ற வேலை.

அவ்வளவுதான். விளம்பரப் பணத்தில் வாழும் கம்பெனிகள் கொதித்து எழுந்தன. அதே மே மாதத்தில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றும் வழக்குப் போட்டன.

பெட்டிக்கு எது விளம்பரம் என்று எப்படித் தெரியும்? அதற்கு ஞானதிருஷ்டி எதுவும் இல்லை. கம்பெனி ஊழியர்கள் தினமும் இரவு உட்கார்ந்து நிகழ்ச்சிகளைப் பார்ப்பார்கள். விளம்பரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்பு வீட்டுப் பெட்டிகளுக்குப் போகும். ஊருக்கெல்லாம் விளம்பரம் தெரியாமல் இருக்க, அவர்கள் மட்டும் ராத்திரி முழுக்க விளம்பரத்தைத் தேடிப் பார்த்தார்கள்!

கண்காட்சியில் கலாட்டா

2013 ஜனவரி. லாஸ் வேகாஸ் நகரில் எலெக்ட்ரானிக் பொருள் கண்காட்சி. வெளியூரில் இருந்தும் வீட்டு டி.வி.யைப் பார்க்க வசதி சேர்த்த புது ஹாப்பர் அங்கே வந்திருந்தது. கண்காட்சியின் சிறந்த பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை "சிநெட்" என்ற செய்தி நிறுவனத்திடம் இருந்தது. அதன் ஆசிரியர் குழு ஹாப்பருக்கே ஓட்டுப் போட்டது.

சிக்கல் அங்கேதான். சிநெட்டின் முதலாளி, ஹாப்பர் மேல் வழக்குப் போட்ட சி.பி.எஸ்.! "அந்தப் பெட்டியைப் பட்டியலில் இருந்து எடு" என்று மேலிடத்து உத்தரவு. பரிசு வேறு பொருளுக்குப் போனது. விஷயம் வெளியே வந்ததும் நாறியது. சிநெட் நிருபர் ஒருவர் வேலையை உதறினார். கண்காட்சி நடத்தும் சங்கம் அந்த மாத இறுதியில் ஹாப்பரையும் பரிசுக்கு உரியது என்று அறிவித்து, சிநெட்டுடன் இருந்த விருது ஒப்பந்தத்தையும் முறித்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம், விளம்பரத்தைத் தாண்டும் பெட்டிக்கு!

கோர்ட்டு சொன்னது என்ன?

வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமா என்ற கேள்வி புதிது அல்ல. சோனி கம்பெனியின் "பீட்டாமேக்ஸ்" வீடியோ வழக்கில் 1984-லேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். மயிரிழையில் தப்பியது வீடியோ.

ஃபாக்ஸ் வழக்கில் அப்பீல் கோர்ட்டு 2013 ஜூலையில் அதே வழியில் போனது. பிரதி எடுப்பது வீட்டுக்காரர்தான், கம்பெனி அல்ல என்றது. விளம்பரங்களுக்கு ஃபாக்ஸ் சொந்தக்காரர் அல்ல. ஆகவே அவற்றைத் தாண்டினால் ஃபாக்ஸின் பதிப்புரிமை பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. பெட்டிக்குத் தடை போட மறுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், குறிப்பு சரியா என்று சோதிக்க டிஷ் தன் ஆபீசில் எடுத்த பிரதிகள்தான் சட்டச் சிக்கலில் மாட்டின.

ஜெயித்தும் டிஷ் இறங்கி வந்தது. காரணம், அந்த நான்கு கம்பெனிகளின் நிகழ்ச்சி இல்லாமல் டிஷ் கடை நடத்த முடியாது. நிகழ்ச்சி வாங்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது பேரம் நடந்தது. 2014 மார்ச்சில் ஏ.பி.சி.யுடன் சமரசம்: ஒளிபரப்பாகி 3 நாள் வரை விளம்பரத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில் சி.பி.எஸ்., 2016 பிப்ரவரியில் ஃபாக்ஸ்: 7 நாள். கங்காருவின் காலில் கட்டுப் போட்டாகிவிட்டது.

அதே 2016-ல் "ஹாப்பர் 3" வந்தது. ஒரே நேரத்தில் 16 பதிவு! இத்தனையையும் உட்கார்ந்து பார்க்க எந்தக் குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. இன்டர்நெட் வழியாகப் படம் பார்க்கும் பழக்கம் அதற்குள் வீடுகளில் புகுந்துவிட்டது. 2012-ல் சுமார் 1 கோடியே 40 லட்சம் சந்தாதாரர்கள் இருந்த டிஷ், 2024 முடிவில் 60 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 30 வருடப் பகையாளிகளான டைரக்டிவியும் டிஷ்ஷும் ஒன்றாகிவிடலாம் என்று 2024 செப்டம்பரில் கைகுலுக்கினார்கள். டிஷ்ஷுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் பேச்சு முறிந்தது.

நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு குறைந்த கட்டணத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் விளம்பரத்தைத் தாண்டும் பொத்தான் இல்லை.

கங்காருவை இன்னும் வைத்திருக்கும் வீடுகளில் வேறு ஒரு கவலை. பதிவுகள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குப் பூட்டுப் போட்டவை. ஹார்டு டிஸ்க் பழுதானால் மொத்த வீட்டுப் பதிவும் போச்சு. சந்தாவை நிறுத்தினால் வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகள் சேர்த்து வைத்த தொடரும் அதோடு பார்சலில் போய்விடும்.