கெண்டைக்கால் இழுப்பும் பெட்டியில் போகும் மாத்திரையும்

ஊருக்குப் புறப்படுகிறோம் என்று சொன்னால் போதும், வேண்டிய சாமான்களின் பட்டியல் வந்துவிடும். ஒரு காலத்தில் அதில் சென்ட்டும் டார்ச் லைட்டும் இருந்தன. இப்போது மாத்திரைகள். அதிலும் "ராத்திரியில் கால் இழுக்கிறது, மெக்னீசியம் வாங்கி வா" என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. நம் சங்கக் கூட்டங்களிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வருகிறது. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது. நான் மருத்துவன் அல்லன்; எங்கள் ஊரிலும் வீட்டிலும் கண்டதையும், ஆராய்ச்சிகள் சொல்வதையும் சேர்த்துத் தருகிறேன்.

எங்கள் ஊர் நகரி. சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் திருத்தணியைத் தாண்டினால் வரும். 1960-இல் எல்லை மாற்றியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். கெண்டைக்கால் சதை திடீரென்று கல்லாக இறுகி உயிர் போகிற மாதிரி வலிப்பதை எங்கள் பக்கத்தில் "குரக்கு பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பவர்களும் உண்டு. பெயர் ஒன்றுதான் என்றாலும் குரக்கு ஒரே வகை அல்ல. எந்த வகை என்று தெரியாமல் மருந்து தேடுவதுதான் தொல்லையே.

தறிக் கொட்டகையில்

என் சித்தப்பா விசைத்தறி ஓட்டியவர். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்ததும் இரண்டு காலும் பிடித்துக்கொள்ளும். சித்தி ஒன்றும் பேசாமல் ஒரு சொம்பு மோரில் கல் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொண்டு வந்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

இது வெயில் குரக்கு. வியர்வையில் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பின் அளவு இன்னும் குறைகிறது. இங்கிலாந்தில் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இதே தொல்லை இருந்தது. உப்பு கலந்த நீர் கொடுத்தால் குணமாவதை 1920-களில் கண்டறிந்தார்கள். 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டிய தொழிலாளர்களிடம் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டதும் அதுவே. சித்தி எந்தப் புத்தகத்தையும் படிக்கவில்லை. நீர்மோரும், உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழும், நீராகாரமும் நம் வீடுகளில் தலைமுறையாக இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. வெயில் குரக்குக்கு உப்பே மருந்து. ஆனால் ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மலைப் படியில்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களில் பலர் திருமலைக்கு நடந்து ஏறுவதாக வேண்டிக்கொள்கிறார்கள். அலிபிரி வழியில் 3,550 படிகள். ஆண்டு முழுவதும் காரிலும் நாற்காலியிலும் இருந்த கால்கள், முழங்கால் முறிச்சான் வருவதற்குள் குரக்கு பிடித்து உட்கார்ந்துவிடுகின்றன. உடனே யாராவது ஒரு வாழைப்பழத்தை நீட்டுவார்கள்.

இதற்குக் காரணம் உப்புக் குறைவு மட்டும் அல்ல என்று தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். நெடுந்தூரப் போட்டிகளில் குரக்கு பிடித்த வீரர்களையும் பிடிக்காத வீரர்களையும் சோதித்தபோது, ரத்தத்தில் உப்புச் சத்துகளில் பெரிய வேறுபாடு இல்லை. பழக்கமில்லாத தசை களைத்துப்போனால், அதைச் சுருக்கும் நரம்புக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதே அவர்கள் கருத்து. அதனால் நின்று, காலை நீட்டி, விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடிப்பதுதான் கைகண்ட வைத்தியம். வாழைப்பழம் நல்ல உணவு. ஆனால் சாப்பிட்டது ரத்தத்தில் சேர்வதற்குள் வலி தானே போயிருக்கும். மலை ஏறப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறிப் பழகுவது நல்லது.

நடு ராத்திரியில்

மூன்றாவது வகைதான் பெட்டியில் மாத்திரை போவதற்குக் காரணம். வெயிலும் இல்லை, வேலையும் இல்லை, தூக்கத்தில் பிடிக்கிறது. வயதானவர்களுக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அதிகம்.

என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயதில் இது வந்தது. தொலைபேசியில், "ஏம்பா, மெக்னீசியம் மாத்திரை அங்க கடையிலேயே கிடைக்குமாமே, ரெண்டு டப்பா கொண்டாந்துடு" என்றார். அப்போது நான் ஊருக்குப் போகவிருந்தேன். முதலில் அவரைத் திருப்பதியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். பிறகு ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் 2.1 என்று வந்தது. "அம்மாவுக்குச் சிறுநீரகம் சரியா வேலை செய்யலை. மெக்னீசியம் கொடுத்தா வெளியே போகாம உடம்பிலேயே தங்கிடும். இளநீர், வாழைப்பழத்தைக்கூட அளவோடதான் கொடுக்கணும்" என்றார். மெக்னீசியம் மிகையானால் நாடித்துடிப்பும் மூச்சும் தளரும். பொட்டாசியம் மிகையானால் இருதயத் துடிப்பே தடுமாறும். கால் வலிக்காகக் கேட்ட சோதனையில் சிறுநீரகக் கோளாறு தெரியவந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

சரி, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு மெக்னீசியம் உதவுமா? 2017-இல் இஸ்ரேலில் 94 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெக்னீசியமும் இன்னொன்றுக்கு வெறும் மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் குரக்கு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று குறைந்தது. அதாவது வெறும் மாத்திரையும் அதே வேலையைச் செய்தது! "எனக்குக் கேட்டதே" என்று பலர் சொல்வதன் ரகசியம் இதுதான். குரக்கு தானாகவே வந்து தானாகவே குறையும் தன்மையுடையது. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பும், முதியவர்களின் குரக்கை மெக்னீசியம் தடுப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். நீடித்த வயிற்றுப்போக்கு, மிகுந்த குடி, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரை இவற்றால் குறையலாம். அவர்களுக்கு அது மருந்துதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது ரத்தப் பரிசோதனை; பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

பழைய கொயினா மாத்திரையை இன்னும் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குரக்கைச் சற்றுக் குறைக்கும். ஆனால் ரத்தத் தட்டணுக்களையும் இருதயத் துடிப்பையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க அரசு குரக்குக்காக அதைக் கடையில் நேராக விற்பதை 1994-இல் தடுத்தது.

குரக்கு அல்லாதவை

எல்லாக் கால் வலியும் குரக்கு அல்ல. நம்மைப் போல நெடுநேரம் விமானத்தில் பயணம் செய்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, விடாமல் வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்த்துவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நடந்தால் வலித்து, நின்றால் விடுகிற வலி ரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறி. சர்க்கரை நோயாளிகளும் புகை பிடிப்பவர்களும் அலட்சியம் செய்யக்கூடாது. எங்கள் பக்கத்தில் கால் வலி என்றால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுவார்கள். அது எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்றது. இதற்கு அங்கே வேலையில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிடித்தவுடன் காலை நேராக நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கம் மெல்ல மடக்குங்கள். முடிந்தால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துங்கள்.

2. படுக்கும் முன் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முன்னால் சாயுங்கள். பத்து எண்ணும் வரை பிடித்து, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை செய்யுங்கள். 2012-இல் நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் ஆறு வாரம் சோதித்தபோது, இரவில் இப்படித் தசையை நீட்டியவர்களுக்குக் குரக்கு கணிசமாகக் குறைந்தது. செலவு ஒன்றும் இல்லை.

3. காலை அழுத்தும் கனமான கம்பளியைத் தளர்த்திப் போடுங்கள். குளிர் நாடுகளில் பாதம் கீழ்நோக்கி அமுங்கியே கிடப்பதும் ஒரு காரணம்.

4. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை சேருங்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 140 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள்.

5. சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் தாயார் தினமும் சுவரைப் பிடித்து நிற்கிறார். மருத்துவர் அவருடைய கொதிப்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். குரக்கு முழுக்கப் போகவில்லை. வாரத்துக்கு நாலு முறை என்பது மாதத்துக்கு இரண்டு முறையாகி இருக்கிறது. சிறுநீரகத்துக்கு உரிய வைத்தியம் நடக்கிறது.

அன்பர்களே, தொலைவில் இருக்கும் நமக்குப் பெற்றோர் கேட்டதை வாங்கி அனுப்புவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை நான் அறிவேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மாத்திரையை வாங்குவதற்கு முன், கிரியாட்டினின் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு கேள்வி கேளுங்கள். பார்க்கவே இல்லை என்றால், மாத்திரைக்குச் செலவிட இருந்த பணத்தை அந்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.