பழவேற்காட்டு மருந்துப் பெட்டி

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரிக்கும் அப்பால், நிலம் முடிகிற இடத்தில் பழவேற்காடு இருக்கிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் ஏரி. ஒடிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்தபடியாக நமது தேசத்தில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். மாரிக்காலம் கழிந்ததும் வந்திறங்கும் பூநாரைகளைப் பார்க்கவும், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கவும் யாத்திரிகர்கள் இங்கே வருவதுண்டு. நாமும் அவற்றைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் நம் மனத்தை விட்டு நீங்காதிருப்பது பறவையுமன்று, கல்லறையுமன்று. ஒரு சிறு தகரப் பெட்டி.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம் என்று ஏரிக்கரையிலும் கடற்கரையிலுமாகக் குப்பங்கள் பல. அவற்றுள் ஒன்றில், வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவரோடு பேசிக் கொண்டிருந்தோம். எழுபது வயதைத் தாண்டியவர். மத்தியான்னம் ஆனதும் உள்ளேயிருந்து அந்தப் பெட்டி வந்தது. அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். விரல் நகத்தால் இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

"டாக்டர் பாதி மாத்திரைதான் சாப்பிடச் சொன்னாரா?" என்று கேட்டோம்.

"முழுசுதான் சொன்னாரு, ஐயா. முழுசாப் போட்டா மாசக் கடைசி வரைக்கும் எப்படி வரும்?" என்றார் பெரியவர்.

காற்றடித்து நாலு நாள் தொழில் இல்லையென்றால் கையில் காசு இராது. காசு இருக்கிற நாளில் கடைக்குப் போனால், அந்த மாத்திரை தீர்ந்துவிட்டதென்று வேறொன்றைக் கொடுப்பார்கள். ஆகவே பெரியவர் தாமே ஒரு பொருளாதாரத் திட்டம் வகுத்துக் கொண்டிருந்தார். அவர் ஒடித்த மாத்திரை சர்க்கரை வியாதிக்கானது. சிறுகச் சிறுகக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்ட வகை. அத்தகைய மாத்திரையை ஒடித்தால் மருந்து முழுதும் ஒரே மூச்சில் இறங்கிவிடக்கூடும். மிச்சப் பொழுதுக்கு ஒன்றும் இராது. இதை அவருக்குச் சொன்னவர் யாருமில்லை.

திண்ணையின் மறுகோடியில் நின்ற மருமகள், "இவரு இப்படி, இவரு மகன் வேற மாதிரி. மாமா, அந்தக் கதையைச் சொல்லுங்க" என்றாள்.

மகன் அரபு தேசமொன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். அவனுக்கு இரத்தக் கொதிப்பு. புறப்படும்போது மூன்று மாதத்துக்கு மாத்திரை கொண்டு போனான். நாலாவது மாதம் அங்கேயுள்ள கடையில் மாத்திரையின் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு மருந்தே கிடையாது என்று கையை விரித்துவிட்டார்களாம். பத்து நாள் மருந்தில்லாமல் கடலுக்குப் போயிருக்கிறான். "நைனா, தலை சுத்துது" என்று டெலிபோனில் சொன்னபோதுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. மருமகள் எட்டாம் வகுப்பு வரையில் வாசித்தவள். வீட்டில் கிடந்த பழைய அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பெரிய எழுத்துக்கு அடியிலிருந்த சின்ன எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்: ஆம்லோடிபின். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அவன் அவ்வூர் வைத்தியரிடம் போனான். சீட்டும் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது.

கடலுக்கு அப்பால் மகனும் ஏரிக்கு இப்பால் தகப்பனாரும் படுகிற கஷ்டம் ஒன்றேதான். வாழ்நாள் முழுதும் தினந்தோறும் சாப்பிட வேண்டிய மருந்து, நம்பத்தக்கதாக, தவறாமல் கைக்கு வந்து சேருவது எப்படி?

இது இந்த ஊருக்குப் புதிய கேள்வியன்று. ஹாலந்து தேசத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையை அமைத்துக்கொண்டு, சோழமண்டலக் கரை வியாபாரத்தை நெடுங்காலம் இங்கிருந்தே நடத்தினார்கள். கம்பெனிக் கப்பல்களில் ரணவைத்தியர் ஒருவரும் மருந்துப் பெட்டி ஒன்றும் வருவது வழக்கம். மாதக் கணக்கான கடற்பிரயாணத்தில் உஷ்ணமும் உப்புக் காற்றும் பட்டு, மருந்துகள் சாரமிழந்து வந்து சேரும். மலையாளக் கரையில் அதிகாரியாயிருந்த வான் ரீடு என்பவர் இதை யோசித்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துச் சரக்குகளில் பல, முதலில் கிழக்குத் தேசங்களிலிருந்தே அங்கே போனவை என்பதையும் அவர் கண்டார். சேர்த்தலையைச் சேர்ந்த இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணையோடு அவர் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் மூலிகை நூல், 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. தூர தேசத்தில் வாழ்கிறவன் ஊரிலிருந்து வரும் பெட்டியையே நம்பியிருக்கலாகாது. இருக்கிற இடத்திலேயே நல்ல மருந்துக்கு வழி தேட வேண்டும் என்பது அன்றே கண்ட பாடம்.

பின்னர் நாமே மருந்து செய்யக் கற்றுக்கொண்ட சரித்திரம் நேயர்கள் பெருமைப்படத்தக்கது. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய வங்காள ரஸாயனத் தொழிற்சாலை 1901-ல் கம்பெனியாயிற்று. 1935-ல் டாக்டர் ஹமீது பம்பாயில் சிப்லா கம்பெனியை நிறுவினார்; 1939-ல் மகாத்மா காந்தி அங்கே விஜயம் செய்தார். கலப்பட மருந்துகளைப் பற்றி விசாரித்த சோப்ரா கமிட்டியின் சிபார்சுகளைத் தொடர்ந்து 1940-ல் மருந்துச் சட்டம் பிறந்தது. 1970-ல் இயற்றப்பட்ட பேடண்டு சட்டம் உயர்ந்த மருந்துகளையும் மலிவாகத் தயாரிக்க வழி திறந்தது. 2001-ல், எய்ட்ஸ் நோய்க்கு மேனாடுகளில் ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை, ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் சங்கத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சிப்லா அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

உலகத்துக்கு மருந்து கொடுக்கிற தேசம் நமது தேசம். பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலையில் புறப்பட்ட சந்திரயானம் ஆகஸ்டில் சந்திரனில் இறங்கியது. சந்திரனுக்கு வழி கண்டோம்; ஆனால் ஒரு மாத்திரை ஏரியைத் தாண்டித் திண்ணைக்கு வந்து சேருவதற்கு என்ன வழி?

இதற்கும் வழி கண்டவர்கள் நம்மவர்களே. 1956-ல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிக் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானட்டோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஓர் ஆண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் இல்லாத நெருக்கமான வீடுகளில் இருந்தவர்களும், சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தார்கள் என்று 1959-ல் வெளியான முடிவு கூறிற்று. மருந்து தவறாமல் போய்ச் சேர்ந்து, நோயாளி அதைத் தவறாமல் சாப்பிட்டால் குடிசையும் ஆஸ்பத்திரியாகும் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னைப் பட்டணம்.

மருந்து போய்ச் சேருவதற்கு ஏற்பாடு வேண்டுமல்லவா? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாதிரிகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பித் தரம் பார்த்து, ஜில்லா தோறும் கிடங்குகளில் வைத்து வினியோகிக்கும் அந்த முறையைப் பிற மாகாணங்களும் பின்பற்றின. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. மகளிர் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சோதித்து, மாத்திரைகளை வாசலிலேயே கொடுக்கும் ஏற்பாடு அது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆயினும் ஏற்பாடு எவ்வளவு நன்றாயிருந்தாலும் கடைசி நாலடி தூரத்தை மனிதர்தாம் கடக்க வேண்டும். தன்னார்வலர் வருகிற வேளையில் மீனவர் கடலில் இருப்பார். அவர் மனைவி மீன்கூடையுடன் சந்தையில் இருப்பாள். புயல் வந்தாலோ போக்குவரத்தே நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையும் திருவள்ளூர் ஜில்லாவும் வெள்ளத்தில் தத்தளித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றோடு, மருந்து சாப்பிடுகிறவரின் மனமும் ஒன்று இருக்கிறது. பணக்கார தேசங்களிலேகூட, நீண்ட நாள் வியாதிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தாம் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ல் கணக்கிட்டது. காரணம் வெளிப்படை. காய்ச்சல் என்றால் உடம்பு கொதிக்கும்; மருந்தை நாமே தேடி ஓடுவோம். இரத்தக் கொதிப்போ ஓசையில்லாத விருந்தாளி. மருந்தை நிறுத்தினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிற நாளில் கையும் காலும் விழுந்திருக்கும். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் அதிகமாக ஏறும். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவன் இரண்டு நாள் தவறவிட்டுப் படகேறினால், நடு ஏரியில் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாம் இவ்வளவும் சொன்ன பிறகு பெரியவர் சற்று நேரம் வலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று குப்பத்தார் முறை வைத்துக்கொள்வது. சண்டையில்லாமல் எல்லோருக்கும் மீன் கிடைக்கச் செய்த ஏற்பாடு அது.

"அப்போ மாத்திரைக்கும் பாடு இருக்குதுன்னு சொல்லுங்க. பாடு தவறினா அன்னிக்கு மீன் கிடையாது. பாதி வலை போட்டா பாதி மீன்கூட வராது" என்றார் அவர்.

நாம் ஒரு மணி நேரம் சொன்னதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்!

வெளியூரிலோ வெளிநாட்டிலோ பிள்ளைகளை வைத்திருக்கும் நமது நேயர் குடும்பங்களுக்கு, அந்தத் தகரப் பெட்டியின் முன்னால் நாம் கற்றவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, மருந்தின் குலப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி வைக்கும் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஃபிளோமாக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பது மூத்திரத் தடைக்கு மருந்து. இத்தாலியில் அதே பெயரில் விற்பது வீக்கத்துக்கு மருந்து! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே உலக சுகாதார ஸ்தாபனம் 1953 முதல் மருந்துகளுக்குப் பொதுப் பெயர்ப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. அதிலும் சில விலக்குகள் உண்டு: நாம் பாரஸிட்டமால் என்பதை அமெரிக்கர் அஸிட்டமினோஃபென் என்பார்கள், ஸால்புட்டமாலை ஆல்புட்டெரால் என்பார்கள். பொதுப் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி, பிரயாணம் போகிறவர் பையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, கடல் கடந்து போகிறவர்கள் மருந்தை அதன் அசல் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் கொண்டு செல்ல வேண்டும். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மருந்துகளும் இருமல் மருந்துகளும் அரபு நாடுகள் சிலவற்றில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன்கூட்டி அனுமதி பெறாமல் கொண்டு போனால் சிறைவாசமும் நேரலாம். போய்ச் சேர்ந்ததும், கைச்சரக்கு தீருமுன்பே அவ்வூர் வைத்தியர் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். நண்பர் கொடுத்தார், தெரிந்தவர் அனுப்பினார் என்று கண்ட மாத்திரையைச் சாப்பிடலாகாது. ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் பத்தில் ஒரு மருந்து தரம் குறைந்தது அல்லது போலி என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் மதிப்பிட்டிருக்கிறது.

மூன்றாவது, மாரிக்காலத்துக்கு முன்னால் அரிசி பருப்புச் சேர்ப்பதைப் போல, பதினைந்து நாள் மருந்தாவது அதிகமாகக் கையிருப்பு வேண்டும். மாத்திரைகளை அடுப்பங்கரையிலும், வெயில் படும் படகிலும், ஈரச் சுவரோரத்திலும் வைக்கக் கூடாது. திறவாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும்; உறையவிடலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், உபயோகத்திலிருக்கும் புட்டியைத் தண்ணீர் புகாதபடி மூடி, ஈரமான மண்பானைக்குள் வைத்தால் வெளி உஷ்ணத்தைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். நம் பாட்டிமார் தண்ணீருக்குச் செய்த உபாயம் இன்சுலினுக்கும் உதவுகிறது.

கடைசியாக ஒன்று. காசில்லாவிட்டால் மாத்திரையை ஒடிக்காதீர்கள். டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அதே குணமுள்ள மலிவான மருந்து பெரும்பாலும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கவும் கூடும். சொல்ல வெட்கப்பட்டுத் தகப்பனார் மறைப்பதும், கேட்க நேரமின்றி மகன் இருந்துவிடுவதும்தான் பல வீடுகளில் வியாதியைவிடப் பெரிய வியாதி.

நாம் புறப்படும்போது ஏரியின்மேல் வெயில் சாய்ந்து கொண்டிருந்தது. பெரியவர் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பாதி மாத்திரையை எடுத்து மருமகளிடம் கொடுத்தார். "நாளைக்கு நர்ஸம்மா கிட்ட இதைக் காட்டி, முழுசா ஒரு மாசத்துக்குக் கேட்டு வாங்கியாம்மா" என்றார். அவள் தகரப் பெட்டியை மூடி, அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டினாள். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஒன்று மாமனாரின் மருந்து, மற்றொன்று கடல் கடந்திருக்கும் கணவனின் மருந்து.