வேறுபாட்டுப் பல்லிணைப் பூட்டு

வேறுபாட்டுப் பல்லிணைப் பூட்டு என்பது ஊர்தியின் ஓர் அச்சிலுள்ள இடது, வலது சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி அவற்றைத் தற்காலிகமாகப் பிணைக்கும் இயந்திர அமைப்பு ஆகும். பட்டறைகளிலும் ஓட்டுநர் வழக்கிலும் இது டிஃபரன்ஷியல் லாக் எனப்படுகிறது. டிராக்டர்கள், டிப்பர் சரக்குந்துகள், இராணுவ ஊர்திகள், நாற்சக்கர இயக்க ஜீப்புகள் முதலியவற்றில் இது காணப்படும். சேற்றிலோ மணலிலோ ஒரு சக்கரம் பிடிப்பிழந்து வீணே சுழலும்போது, மறு சக்கரத்துக்கு உள்ள பிடிப்பைக் கொண்டு ஊர்தியை நகர்த்துவதே இதன் பயன்பாடு ஆகும்.

பூட்டு புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. தரைக்கும் டயருக்கும் இடையே ஏற்கனவே உள்ள பிடிப்பு வீணாகாமல் தடுக்கிறது. ஆகவே சாலையற்ற தரைக்காக ஒரு சரக்குந்தை மேம்படுத்தும்போது பூட்டு, டயர், காற்றழுத்தம், பல்லிணை விகிதம் ஆகிய நான்கும் சேர்த்தே கருதப்படுகின்றன.

வேறுபாட்டுப் பல்லிணையின் தேவை

ஊர்தி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு செல்கிறது. சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் அகலமுள்ள ஒரு சரக்குந்து, 10 மீட்டர் ஆரமுள்ள கால்வட்டத் திருப்பத்தில் செல்வதாகக் கொள்வோம். வெளிச் சக்கரம் ஏறத்தாழ 17.3 மீட்டரும், உட்சக்கரம் ஏறத்தாழ 14.1 மீட்டரும் உருளும். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால் இந்த 3 மீட்டர் வேறுபாட்டை ஏதேனும் ஒரு டயர் தேய்ந்தே ஈடுசெய்ய வேண்டும். இதனைத் தவிர்க்கவே வேறுபாட்டுப் பல்லிணை அமைக்கப்படுகிறது.

எஞ்சினிலிருந்து செலுத்துதண்டு வழியாக வரும் சுழற்சி, பினியன் எனும் சிறு பற்சக்கரத்தின் மூலம் கிரவுன் எனும் பெரிய பற்சக்கரத்தை அடைகிறது. கிரவுனோடு இணைந்த கூட்டினுள் உள்ள சிறு பற்சக்கரங்கள் இரு அரையச்சுகளுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கின்றன. ஒரு சக்கரத்தின் வேகம் எவ்வளவு குறைகிறதோ, மற்றதன் வேகம் அவ்வளவு கூடும்.

திறந்த வகையின் குறைபாடு

பூட்டில்லாத சாதாரண வேறுபாட்டுப் பல்லிணை திறந்த வகை எனப்படும். இது இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே அளிக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் அதனைச் சுழற்றப் போதுமான சிறு விசையே மறு சக்கரத்துக்கும் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, பின்னச்சில் ஒவ்வொரு பக்கமும் 2 டன் எடை தாங்கும் ஒரு சரக்குந்தைக் கருதுக. இடப்பக்கச் சக்கரம் உராய்வுக் கெழு 0.1 உள்ள சேற்றிலும், வலப்பக்கச் சக்கரம் கெழு 0.6 உள்ள உலர்ந்த மண்ணிலும் நிற்கின்றன. இடச்சக்கரத்தால் தரக்கூடிய தள்ளுவிசை 0.2 டன் எடைக்குச் சமம். திறந்த வகையில் வலச்சக்கரத்துக்கும் அதே 0.2 டன் மட்டுமே வருவதால் மொத்தம் 0.4 டன் ஆகும். பூட்டினால் வலச்சக்கரம் தன்னால் இயன்ற 1.2 டன்னையும் தரும், மொத்தம் 1.4 டன் ஆகும். வெளியேற 1 டன் தேவைப்படும் பள்ளத்தில் முதல் ஊர்தி சிக்கிக்கொள்ளும், இரண்டாவது வெளியேறிவிடும். இரு சக்கரங்களும் சேற்றில் நின்றால் பூட்டினாலும் 0.4 டன்னே கிடைக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

பூட்டு வகைகள்

* ஓட்டுநர் இயக்கும் பூட்டு: நெம்புகோல், கம்பி, அழுத்தக் காற்று அல்லது மின்காந்தம் மூலம் இயங்கும். தேவையானபோது மட்டும் பூட்டலாம். சாலையில் திறந்த வகையாகவே செயல்படும்.
* தானியங்கிப் பூட்டு: இரு சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு ஓர் அளவைத் தாண்டியதும் தானே பூட்டிக்கொள்ளும். மகிந்திரா தார் ஊர்தியின் சில வடிவங்களில் பின்னச்சில் இவ்வகை உள்ளது.
* வழுக்கல் கட்டுப்படுத்தும் வகை: உராய்வுத் தட்டுகள் அல்லது திருகுப் பற்சக்கரங்கள் மூலம் விசையின் ஒரு பகுதியைப் பிடிப்புள்ள சக்கரத்துக்கு மாற்றும். முழுமையாகப் பூட்டுவதில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இதன் பயன் குறைவு.
* அச்சிடைப் பூட்டு: இரு பின்னச்சுகளும் இயங்கும் 6x4 டிப்பர்களில் அவ்விரு அச்சுகளையும் ஒன்றோடொன்று பிணைப்பது. இது இடவலச் சக்கரங்களைப் பிணைக்காது. அதற்குத் தனிப் பூட்டு வேண்டும்.

2013 ஆம் ஆண்டில் அறிமுகமான ஃபோர்ஸ் குர்காவின் சில வடிவங்களில் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் ஓட்டுநர் இயக்கும் பூட்டுகள் அமைந்திருந்தன.

டயர்களின் பங்கு

பிடிப்பு உண்டாகும் இடம் டயரே ஆகும். தரைக்கேற்ப டயரின் தன்மை மாறுபடுகிறது.

* வரிகள் மட்டும் கொண்ட சாலை டயர்கள் தார்ச்சாலையில் நெடுநாள் உழைக்கும். சேற்றில் அவற்றின் வரிகள் விரைவில் அடைபட்டு மேற்பரப்பு வழவழப்பாகிவிடும்.
* ஆழமான, அகன்ற இடைவெளியுள்ள கட்டைகள் கொண்ட டயர்கள் சுழலும்போது சேற்றை வெளியே எறிந்து தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும். சாலையில் இவை இரைச்சல் மிக்கவை, விரைவில் தேயும்.
* மணலில் கூரிய கட்டைகளைவிட அகன்ற தொடுபரப்பே பயன் தரும். கட்டைகள் மணலைத் தோண்டிச் சக்கரத்தைப் புதைத்துவிடும்.

டிராக்டரின் பின்டயர்களில் சாய்வான கட்டைகள் அம்புக்குறி வடிவில் அமைந்திருக்கும். அம்பின் முனை முதலில் தரையைத் தொடுமாறு பொருத்தினால் மண் இருபுறமும் வெளியேறும். தலைகீழாகப் பொருத்தினால் மண் நடுவில் திரண்டு பிடிப்புக் குறையும்.

காற்றழுத்தத்தைக் குறைப்பதே செலவில்லாத முதல் மேம்பாடு ஆகும். அழுத்தம் குறைந்தால் டயரின் தொடுபரப்பு நீளும். தரையின் மீதான அழுத்தம் குறையும். சாலையில் 35 பிஎஸ்ஐ வைக்கும் இலகு ஊர்திகளில் மணலுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைப்பது வழக்கம். முழுச்சுமை ஏற்றிய கனரகச் சரக்குந்தில் இவ்வாறு செய்தல் கூடாது. டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்பாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட டக் எனும் ஆறு சக்கர நீர்நில ஊர்தியில், ஓடும்போதே ஓட்டுநர் டயர் அழுத்தத்தை மாற்றும் வசதி இருந்தது.

பல்லிணை விகிதம்

பெரிய டயர் பொருத்தினால் தரையிலிருந்து அச்சின் உயரம் கூடும். ஆனால் ஒரு சுற்றில் ஊர்தி செல்லும் தொலைவும் கூடுவதால் இழுவை குறையும். டயரின் விட்டம் 10 விழுக்காடு கூடினால் 4.10 எனும் அச்சு விகிதம் ஏறத்தாழ 3.73 போலச் செயல்படும். பழைய இழுவையைப் பெற விகிதத்தை 4.51 அளவுக்கு உயர்த்த வேண்டும். கிரவுனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10, பினியனில் 9 பற்கள் இருந்தால் 4.56. நாற்சக்கர இயக்க ஊர்திகளில் முன்னச்சு, பின்னச்சு இரண்டின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையெனில் பரிமாற்றப் பெட்டி சேதமடையும். விகிதம் மாற்றப்படாத ஊர்தியில் வேகமானி 60 காட்டும்போது உண்மையான வேகம் 66 கி.மீ. ஆக இருக்கும். தடுப்பு விசையும் குறைவதால் நிறுத்தும் தொலைவு நீளும்.

மதுரைச் சமவெளியில்

மதுரையின் கிழக்கே வைகைக் கரையிலுள்ள வண்டியூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த சமவெளியில் ஆற்று மணல், கண்மாய் வண்டல், நஞ்சை வயல், செம்மண் எனப் பலவகைத் தரைகள் அருகருகே உள்ளன. தெற்கே திருமங்கலம், அருப்புக்கோட்டைப் பகுதிகளில் கரிசல் மண் காணப்படுகிறது. ஒவ்வொன்றிலும் சிக்கும் முறையும் மீளும் முறையும் வேறு.

கண்மாய் வண்டல்: கோடையில் வற்றிய கண்மாய்களிலிருந்து உழவர்கள் வயலுக்கு வண்டல் மண் எடுக்க, 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் அனுமதி பெறலாம். அப்போது டிராக்டர்களும் டிப்பர்களும் கண்மாயினுள் இறங்குகின்றன. மேற்பரப்பு காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். சுமையேற்றிய பின்சக்கரம் மேலோட்டை உடைத்து அச்சுவரை புதையும். பெரும்பாலும் ஒரு பக்கமே புதைவதால் பூட்டு மிகுதியும் பயன்படும் இடம் இதுவே ஆகும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பள்ளம் ஆழமாகும். ஊர்தியை நிறுத்தி, சக்கரத்தின் முன்னுள்ள மண்ணை வெட்டி, தென்னை மட்டை அல்லது பலகை இட்டு, பூட்டி, தாழ்ந்த கியரில் மெல்ல நகர்த்துவதே முறை.

கண்மாய்களில் அடர்ந்து வளரும் சீமைக் கருவேல மரத்தின் முட்கள் டயர்களுக்குப் பெரும் இடையூறு ஆகும். வெட்டிய கிளைகளைச் சக்கரத்தின் கீழ் இடுவது இதனால் தவிர்க்கத்தக்கது. ரேடியல் டயர்களின் பக்கச்சுவர் மெல்லியது. குறுக்கிழை நைலான் டயர்களின் பக்கச்சுவர் முள்ளையும் கல்லையும் ஓரளவு தாங்கும். காற்றழுத்தம் குறைத்த டயரின் பக்கச்சுவர் புடைத்திருப்பதால் முள் தைக்கும் வாய்ப்பு மேலும் கூடும்.

கரிசல் மண்: நனைந்த கரிசல் டயரில் அப்பிக்கொண்டு வரிகளை முற்றிலும் மூடிவிடும். இரு சக்கரங்களும் ஒருங்கே பிடிப்பிழப்பதால் பூட்டினால் பயன் இல்லை. தரை காயும்வரை இறங்காமல் இருப்பதே தக்கது.

நஞ்சை வயல்: தொளி உழவில் டிராக்டரின் பின்சக்கரங்களோடு கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பொருத்தப்படுகிறது. இதனைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயர்ந்துவிடும். பல டிராக்டர்களில் பூட்டு மிதி ஓட்டுநரின் வலது குதிகால் எட்டும் இடத்தில் உள்ளது. உழவுச்சாலில் ஒரு சக்கரம் வழுக்கும்போது இதனை மிதிப்பர்; வரப்பருகே திரும்புமுன் விட்டுவிட வேண்டும்.

மதுரை டயர்த் தொழிலோடும் தொடர்புடைய நகரம் ஆகும். இங்கு பேருந்துத் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையையும் நிறுவினார். மேலூர் வழியில் வெள்ளரிப்பட்டியில் உள்ள டிவிஎஸ் ஸ்ரீசக்ரா தொழிற்சாலை இருசக்கர ஊர்திகளுக்கான டயர்களோடு சாலையற்ற தரைக்கான டயர்களையும் உற்பத்தி செய்கிறது.

பொருத்துதலும் பேணுதலும்

கிரவுனும் பினியனும் இணையாகவே மாற்றப்பட வேண்டும். பழைய ஒன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால் பற்கள் இரைந்து விரைவில் உடையும். பற்களுக்கு இடையேயான தளர்வு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவில் அளக்கப்பட்டு, தயாரிப்பாளர் தரும் எல்லைக்குள் அமைக்கப்படும். பற்களில் வண்ணம் பூசிச் சுழற்றி, தொடுதடம் பல்லின் நடுவில் விழுகிறதா எனப் பார்ப்பர்.

சூடான அச்சு திடீரென நீரில் இறங்கினால் உட்காற்று குளிர்ந்து சுருங்கி, மூச்சுத்துளை வழியே நீரை உள்ளிழுக்கும். இதனைத் தவிர்க்க மூச்சுத்துளையில் குழாய் பொருத்தி மேலே கொண்டுசெல்வர். நீரில் இறங்கிய பின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். உராய்வுத் தட்டு வகைக்கு அதற்குரிய எண்ணெயே இட வேண்டும்.

தவறான பயன்பாடு

* சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டினால் பூட்டின் பற்கள் அல்லது அரையச்சு முறியலாம். நின்ற நிலையிலோ மிக மெதுவாகச் செல்லும்போதோ பூட்ட வேண்டும்.
* பூட்டியபடி கெட்டியான சாலையில் திரும்பினால் ஊர்தி நேராகவே செல்ல முற்படும்; திசைமாற்றி கட்டுப்படாது.
* பக்கவாட்டுச் சரிவில் பூட்டினால் இரு சக்கரங்களும் ஒருங்கே வழுக்கி, ஊர்தி கீழ்நோக்கிச் சறுக்கும். கண்மாய்க் கரைகளில் இது கவிழ்வதற்குக் காரணமாகலாம்.
* வேலை முடிந்ததும் பூட்டை விடுவிக்க மறப்பது மிகப் பொதுவான தவறு. எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டநிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் அளித்தவற்றிலிருந்து மாறுபடும்படி ஊர்தியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல வரையறைக்கு மாறாக ஊர்திகளை மாற்றியமைக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. எனவே அளவில் மாறுபட்ட டயர், உயர்த்திய அச்சு முதலியவற்றைப் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடும் கேள்விக்குள்ளாகலாம். தயாரிப்பாளரே பூட்டுடன் விற்கும் ஊர்திகளுக்கு இச்சிக்கல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சரக்குந்து டயர்களின் வரியாழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

வரலாறு

தற்கால ஊர்திகளில் உள்ள வேறுபாட்டுப் பல்லிணைக்கு பிரான்சு நாட்டின் ஒனேசிஃபோர் பெக்கர் 1827 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது நீராவி வண்டிக்காக உருவாக்கப்பட்டது. 1888 இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1946 இல் மிச்செலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. திருகுப் பற்சக்கரங்கள் கொண்ட டார்சன் வகைக்கு வெர்னன் கிளீஸ்மன் 1958 இல் காப்புரிமை பெற்றார்.

இவற்றையும் பார்க்க

* பல்லிணை
* நாற்சக்கர இயக்கம்
* டயர்
* டிராக்டர்
* வண்டியூர்