சீருடைத் தெறியும் காலக் கணிப்பும்

2001 ஆம் ஆண்டிலே இலிதுவேனியாவின் தலைநகராகிய வில்னியசில், முன்னர்ச் சோவியத்துப் படையினரின் பாசறையிருந்த நிலத்தை அகழ்ந்த தொழிலாளர் மனித எலும்புக் குவியலொன்றைக் கண்டனர். நாற்சிகளாற் கொலையுண்டோரோ, சோவியத்து இரகசியப் பொலிசாரால் மாண்டோரோ என்ற ஐயமே முதற்கண் எழுந்தது. எலும்புகளிடையே கிடந்த நாணயங்களும், படைப்பிரிவின் எண் பொறித்த தெறிகளும் அவ்வையத்தைத் தீர்த்தன. அவர்கள் 1812 இல் மொஸ்கோவினின்றும் பின்வாங்குங்காற் குளிராலும் பசியாலும் நோயாலும் மடிந்த நெப்போலியனின் வீரர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் ஆங்கிருந்தன. சாட்சி கூற ஒருவருமில்லாதவிடத்துச் சட்டைத் தெறி சாட்சி கூறிற்று.

இச்சாட்சியை விசாரிக்கும் முறை யாது? நம் நாட்டிலும் பணியாற்றிய பிரித்தானியக் காலாட்படையின் தெறிகளைக் கொண்டு அதனை விளக்குவாம்.

முதலாவது நோக்கத்தக்கது எண். படைப்பிரிவின் எண்ணைத் தெறியிற் பொறிக்குமாறு 1767 இல் ஆணை பிறந்தது. 1881 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் எண்களை நீக்கி, மாவட்டப் பெயர்களைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டிற்று.

இரண்டாவது உலோகம். சாதாரண வீரரின் தெறி 1855 வரையும் வெள்ளீயக் கலவையாலாயது, அதன்பின் பித்தளையாலாயது. 1871 இல் அவ்வீரர்க்கெல்லாம் அரச இலச்சினை பொறித்த பொதுத் தெறி வழங்கப்பட்டமையால், அவர்தம் தெறியினின்றும் எண் மறைந்தது. அதிகாரிகளோ 1881 வரையும் எண்ணுடைய தெறியையே அணிந்தனர். அவர்தம் தெறி பொன் அல்லது வெள்ளி முலாம் பெற்றது. எனவே சாதாரண வீரரின் தெறி பித்தளையாய் எண்ணுடையதாயின், அது 1855 க்கும் 1871 க்கும் இடைப்பட்டதெனத் துணியலாம். இரு சான்றுகள் கூடியவிடத்து நூறாண்டு எல்லை பதினாறாண்டாகச் சுருங்குதல் காண்க.

மூன்றாவது முடி. 1901 முதல் 1952 வரை வழங்கிய முடியின் வளைவுகள் உச்சியை நோக்கி உயர்ந்து செல்வன. எலிசபெத்து மகாராணியார் காலத்து முடியில் அவை நடுவிலே தாழ்ந்திருக்கும். ஆயின் 2022 இல் அரசேறிய மூன்றாம் சாள்சு மன்னர் முன்னைய வடிவினையே மீண்டும் மேற்கொண்டார். ஆதலின் முடியை மாத்திரம் கொண்டு முடிவு கூறுதல் பிழைக்கு இடமாகும்.

நான்காவது பின்புறம். அங்கே பெரும்பாலும் செய்தோரின் பெயரும் ஊரும் காணப்படும். அவர்தம் தொழிலகம் பெயர் மாறிய ஆண்டும் இடம் மாறிய ஆண்டும் தெரியின், காலவெல்லை மேலுஞ் சுருங்கும்.

ஓர் உதாரணம் கூறுவாம். 19 என்னும் எண் பொறித்த வெள்ளீயத் தெறியொன்று கண்டிப் பக்கத்திற் கிடைப்பின், உலோகம் கூறுவது 1855 க்கு முற்பட்டதென்பதே. எனினும் 19 ஆம் காலாட்படை 1803 ஆம் ஆண்டுக் கண்டிப் போரிற் கலந்துகொண்ட வரலாற்றையும் அது கிடைத்த இடத்தையும் சேர்த்து நோக்கின், அத்தெறி அக்காலத்துப் படைவீரனொருவனுடையதாதல் கூடும். ‘கூடும்’ என்றே கூறல் வேண்டும். தெறி செய்யப்பட்ட காலம் வேறு. அது மண்ணில் விழுந்த காலம் வேறு. பழைய சட்டையை வாங்கி அணிந்தோரும் உளர். தெறியை அறுத்து வேறு உடையிற் றைத்தோரும் உளர். தெறி நமக்கு உறுதியாகத் தருவது முன்னெல்லை ஒன்றே: இன்ன ஆண்டுக்கு முன் இது இங்கு வந்திருத்தல் இயலாது என்பதே அது.

ஆதலின் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். தோட்டத்திலோ கோட்டையருகிலோ இத்தகைய தெறியைக் கண்டெடுப்பின், வீட்டுப் பித்தளைச் செம்பைப் போலப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். முலாமும் எழுத்தும் அதனோடு போய்விடும். எடுத்த இடத்தையும் ஆழத்தையும் உடன் கிடந்த பொருள்களையும் அன்றே குறித்துவையுங்கள். இடம் அறியப்படாத தெறி, பெயரும் ஊரும் கூற மறுக்கும் சாட்சியை ஒக்கும்.