பனையோலையில் ஒட்டிய கூடு

புரட்டாசி பிறந்ததும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளின் மின்கம்பிகளில் சிறு பறவைகள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணலாம். கருநீல முதுகும் செம்பழுப்புத் தொண்டையும் பிளவுபட்ட வாலும் கொண்ட இவை தகைவிலான் குருவிகள். தகைவு என்னும் சொல்லுக்குத் தடை, தளர்ச்சி என்று பொருள். தளர்ச்சியின்றிப் பறந்துகொண்டே இருக்கும் பறவைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது.

இமயமலைப் பகுதியிலிருந்தும் ஆசியாவின் வடபகுதியிலிருந்தும் வரும் இக்குருவிகள் பங்குனி வரை தங்கிவிட்டுத் திரும்புகின்றன. வயல்வெளி, ஏரி, சதுப்புநிலம் ஆகியவற்றின்மேல் தாழப் பறந்து பூச்சிகளைப் பிடித்துண்பதே இங்கு அவற்றின் வேலை. கூடு கட்டுவதெல்லாம் வடக்கே சென்ற பின்னர்தான். ஈரமண்ணை அலகினால் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து சுவரில் கிண்ணம்போல் ஒட்டவைக்கும் அக்கூட்டைத் தாம்பரத்தில் தேடுபவர் ஏமாற்றமே அடைவார்.

ஆயினும் சித்திரை வெயிலிலும் இப்பகுதியின் பனைமரங்களைச் சுற்றி, ஏறத்தாழ அதே தோற்றத்தில் ஒரு பறவை சுழன்று பறக்கிறது. தகைவிலான் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டதோ என்று பலரும் எண்ணுவர். அது பனை உழவாரன். கோயில் முற்றத்தில் புல் செதுக்கத் திருநாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரத்தின் பெயரைத் தாங்கிய பறவை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே இனம்பெருக்குவது.

உருவில் ஒத்திருந்தாலும் இவ்விரண்டும் உறவினர் அல்ல. தகைவிலான், சிட்டுக்குருவியும் காகமும் அடங்கிய பெருங்குழுவைச் சேர்ந்தது. உழவாரனுக்கோ நெருங்கிய உறவு, அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ஓசனிச்சிட்டு. பறந்தவாறே பூச்சி பிடிக்கும் வாழ்க்கைமுறை, இரு வேறு மரபினருக்கும் நீண்ட இறக்கைகளையும் அகன்ற வாயையும் அளித்திருக்கிறது. இதனை அறிவியலார் குவிபரிணாமம் என்பர். களத்தில் வேறுபாடறிய எளிய வழி ஒன்றுண்டு: கம்பியில் அமர்ந்தால் அது தகைவிலான். உழவாரனின் மிகக் குறுகிய கால்கள் கம்பியில் அமர ஏற்றவையல்ல. செங்குத்தான பரப்பில் நகங்களால் பற்றித் தொங்க மட்டுமே அவை உதவும். தரையிலும் அது தானாக இறங்குவதில்லை.

அப்படியாயின் கூடு கட்டப் பொருள் எங்கிருந்து கிடைக்கும்? காற்றிலிருந்துதான். மிதந்து வரும் சிற்றிறகு, பஞ்சு, எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் இழை ஆகியவற்றைப் பனை உழவாரன் பறந்தவாறே பற்றிக்கொள்கிறது. பனையின் தொங்கும் ஓலையின் உட்புற மடிப்பில், தன் உமிழ்நீரையே பசையாக்கி அவற்றை ஒட்டுகிறது. உருவாகும் கூடு ஒரு சிறு பஞ்சுத் திட்டுதான். அதில் இடும் இரண்டு அல்லது மூன்று முட்டைகளையும் அதே உமிழ்நீரால் கூட்டோடு ஒட்டிவிடுகிறது. காற்றில் ஓலை எவ்வளவு ஆடினாலும் முட்டைகள் உருண்டு விழுவதில்லை. பதின்மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள பறவையின் பொறியியல் இது.

இதன் உறவினனான நாட்டு உழவாரன், பாலங்களின் அடியிலும் பழைய கட்டடங்களின் இறவாரங்களிலும் கூட்டங்கூட்டமாகக் கூடமைக்கும். முதுகின் பின்பகுதியில் தெரியும் வெண்பட்டையே அதன் அடையாளம். மனிதர் எழுப்பிய சுவரையே தனக்கு ஏற்ற பாறையாக்கிக்கொண்டதால் நகர வளர்ச்சியை அது ஓரளவு தாங்கிக்கொண்டது. பனை உழவாரனுக்கு அந்த வசதி இல்லை. பெயருக்கேற்பப் பனையையே அது பெரிதும் நம்பி வாழ்கிறது.

பனை நம் மாநில மரம். அதனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் எனத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆனால் உழவாரனுக்கு மரம் நின்றால் மட்டும் போதாது. மரத்தைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும் காவோலைகளும் நிற்கவேண்டும். மனைப்பிரிவுகளிலும் வளாகங்களிலும் தூய்மை கருதி அவ்வோலைகளைக் கழித்துவிடும்போது, மரம் நிற்கும், கூடு இராது. வெட்டப்பட்ட பனைக்கு வருந்துவோர்கூட இவ்விழப்பைக் கவனிப்பதில்லை. கூட்டுக்கு அடுத்தது இரை. பறக்கும் பூச்சிகளின் பெருக்கத்திற்கு நீர்நிலைகள் வேண்டும். 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், நன்மங்கலம் காப்புக்காடும், சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தபோது பெற்ற புதர்க்காட்டு வளாகமும் தென்சென்னையில் எஞ்சியுள்ள இயற்கைப் பரப்புகளுள் குறிப்பிடத்தக்கவை.

கூட்டைக் கண்டவுடன் ஒளிப்படம் எடுக்கத் தோன்றுவது இயல்பு. அவ்வார்வம் பழமையானது. கியர்ட்டன் உடன்பிறப்புகள் 1895இல் இங்கிலாந்தில் வெளியிட்ட பறவைக்கூடுகள் பற்றிய நூல், இயற்கை ஒளிப்படக்கலையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று. பெரிய படப்பெட்டிகளும் மெதுவாகப் பதிவாகும் தகடுகளும் இருந்த அக்காலத்தில், பறவை தவறாது திரும்பி வரும் ஓரிடம் தேவைப்பட்டது, கூடே அவ்விடமாயிற்று. இன்றைய தொலைவில்லைகளுக்கு அத்தேவை இல்லை. பழக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. மறைக்கும் இலைகளை ஒதுக்கிப் படமெடுத்தபின், திறந்து கிடக்கும் கூட்டைக் காகமும் வல்லூறும் எளிதில் கண்டுகொள்கின்றன. தாய் அஞ்சி விலகிய நேரத்தில் முட்டைகள் வெயிலில் காய்கின்றன. குஞ்சுகளைக் கிளையில் வரிசையாக அமர்த்திப் படமெடுப்போரும் உளர்; அதனைக் கலை என்பது பொருந்தாது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் இங்கு நோக்கத்தக்கது. கொல்லுதல், பிடித்தல் ஆகியவற்றோடு, பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதும் முட்டைகளுக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அவ்விளக்கத்துள் அடங்குகின்றன. துப்பாக்கி ஏந்தாதவரும் வேட்டையாடியவர் ஆகலாம் என்பதே இதன் பொருள்.

பனை உழவாரனைப் பொறுத்தவரை, ஓலையை இழுக்காமலோ மரமேறாமலோ கூட்டினுள் படமெடுப்பது பெரும்பாலும் இயலாது. எனவே நல்ல படம் கூட்டில் இல்லை, வானில் இருக்கிறது. நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலான வேகத்தில் மூடித்திறக்கும் படப்பெட்டி, அரிவாள்போல் வளைந்த இறக்கைகளைத் தெளிவாகப் பதியும். வான ஒளியில் பறவை கருநிழலாகிவிடாதிருக்க ஒளியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளவேண்டும். பறவை ஓலையருகே வந்து நுழையாமல் மீண்டும் மீண்டும் வட்டமிட்டால், பார்ப்பவர் மிக அருகில் நிற்கிறார் என்று பொருள், பின்வாங்குவதே முறை.

படப்பெட்டி இல்லாதவருக்குக் குறிப்பேடு போதும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் பங்கேற்கலாம். எந்தப் பனை, எத்தனை உழவாரன்கள், எந்த நாள், எந்த நேரம் என்னும் நான்கு செய்திகளே ஆண்டுக்கணக்கில் சேரும்போது, ஓர் ஊரில் இப்பறவை கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காட்டிவிடும்.

கணக்கெடுக்க ஏற்ற வேளை அந்திதான். பகலெல்லாம் உயரத்தில் சிதறிப் பறந்தவை, கதிர் சாய்ந்ததும் மெல்லிய கீச்சொலியுடன் தம் பனையை வட்டமிடுகின்றன. பின்னர் ஒவ்வொன்றாகக் காவோலைகளுக்குள் மறைகின்றன. இருள் கவிந்து எண்ண முடியாமற்போகும் வரை கீழே நிற்பவர் எண்ணிக்கொண்டிருக்கலாம்.