முகட்டில் நிற்கும் பழைய வம்சம்

ஊசியிலைக் காடு என்றதும் இமயத்துத் தேவதாரு வனங்களையும் பனி மூடிய ஐரோப்பியச் சரிவுகளையுமே நினைத்துக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டபடியால், பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய்வரும் நெகிரி செம்பிலானின் பெடாஸ் தோட்டத்துக் குடும்பங்கள், சாலையோரத்துப் பைன் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இந்நாட்டு மலைகளின் சொந்த விருக்ஷத்தையே கண்டுவிட்ட திருப்தியுடன் திரும்பிவிடுகிறார்கள். நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் மலைகளில், பைன் பூர்வகுடிதான். இக்கரையில், தீபகற்ப மலேசியாவில் நிற்பவையோ மனிதர் கொண்டுவந்து நட்டவை.

நம்முடைய ஊசியிலை வம்சம் வேறு. அதில் சிலவற்றுக்கு ஊசியே கிடையாது. நாகெயா என்று தாவர சாஸ்திரிகள் அழைக்கும் மரத்தின் அகன்ற இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நடுநரம்பு என்று ஒன்று இல்லாமல், மெல்லிய நரம்புகள் பல காம்பிலிருந்து நுனிவரை இணையாக ஓடுவது தெரியும். இதே மரம் திருநெல்வேலிச் சீமையின் மேற்கு மலைகளிலும் நிற்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இனம் அதுவே. பால்மரம் சீவக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார், ஊர்க்காட்டு மரம் ஒன்று தங்களுக்கு யுகங்கள் முன்னதாகவே இந்நாட்டில் குடியேறியிருந்ததை அறியாமலே மலையடிவாரத்தில் வாழ்ந்து முடித்தார்கள் என்பதை எண்ணினால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அரளி இலையை ஒத்த இலையுடைய போடோகார்ப்பஸ், குங்கிலியம் கசியும் டாமார் மின்யாக், டாக்ரிடியம் ஆகியவையும் இவ்வம்சத்தைச் சேர்ந்தவை. இவை தனி வனமாக நிற்பதில்லை. ஏறக்குறைய 1,200 மீட்டருக்கு மேல் ஓக், லாரல் குடும்பத்து மரங்களோடும், 1,500 மீட்டரைக் கடந்தபின் பாசி போர்த்த குட்டை மரங்களோடும் கலந்தே நிற்கின்றன. சத்தெல்லாம் மழையில் கரைந்தோடி, புளிப்பேறி, உதிர்ந்த சருகுகூட எளிதில் மக்காத முகட்டு மண்ணில், விரைந்து வளரும் அகன்ற இலை மரங்களின் நிழலுக்குத் தப்பி, வேர் முண்டுகளில் குடியிருக்கும் பூஞ்சைகளின் துணையோடு அவை மெல்ல வளர்கின்றன. அங்கே கிளைகளில் தொங்கும் பாசி, மழையில் வெளியே மறந்துபோட்ட கம்பளியைப் போல நீர் கனத்திருக்கும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் முழங்கைவரை வழியும். மழை பெய்யாத நாளிலும் முகிலிலிருந்து இவ்வாறு சேரும் ஜலம் ஓடைகளுக்கும் போய்ச் சேருகிறது.

என்னை உறுத்துவது முகட்டுச் சாலை. போடோகார்ப்பஸிலும் டாக்ரிடியத்திலும் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்று சுமந்துவரும் மகரந்தம் எட்டினாலன்றிப் பெண் மரத்தில் விதை பிடிப்பதில்லை. அப்படியிருக்க, டாக்ரிடியம் கோமோசம் என்னும் இனமோ தீபகற்பத்தின் ஒருசில சிகரங்களில் மட்டுமே வாழ்வது. 1,772 மீட்டர் உயரமுள்ள உலு காலி அவற்றுள் ஒன்று. சாலையும் கோபுரமும் கட்டடமும் தேடிச் செல்வது அதே முகட்டைத்தான். வெட்டுப்பட்ட விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து பாசி உலர, வெட்டாத மரமும் நுனியிலிருந்து கருகத் தொடங்குகிறது. மலைச்சாலை பலருக்குப் பிழைப்பு தருகிறது என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பூமி சூடேற ஏற மேலே நகரவேண்டிய இந்த மரங்களுக்குச் சிகரத்துக்கு அப்பால் நிலமேது?

நம் நெகிரி செம்பிலானிலோ இந்த நெருக்கடி இன்னும் அதிகம். சுமார் 480 கிலோமீட்டர் நீளமுள்ள தித்திவங்சா மலைத்தொடர் தெற்கே தாழ்ந்து முடிவது இங்கேதான். மாநிலத்தின் மிக உயர்ந்த பெசார் ஹந்து மலையே 1,462 மீட்டர். பெடாஸ் இருக்கும் ரெம்பாவ் மாவட்டத்தின் டத்தோ மலையோ 884 மீட்டர்தான்.

முகட்டில் எல்லைக் கல் நடுவதற்கு முன், மகரந்தம் உதிரும் பருவத்தில் ஒருமுறையும் காய்க்கும் பருவத்தில் ஒருமுறையும் நடந்து, சிவந்த சதைக் காம்பின் நுனியில் விதை தாங்கிய பெண் போடோகார்ப்பஸ் எது, மகரந்தம் உதிர்க்கும் ஆண் மரம் எது என்று பட்டையில் சுண்ணாம்புக் குறி இட்டுவிட்டால், சாலையை எந்தப் பக்கம் வளைக்கவேண்டும் என்பது வேலை தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.