ஒவ்வாமை: தணிப்பதும் மாற்றுவதும்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டைக் கடந்ததும் புதுச்சேரிப் பிரதேசத்தின் வட எல்லையை ஒட்டிக் காணும் மீனவக் கிராமம் கனகசெட்டிக்குளம். கடற்காற்று ஓயாது வீசும் இத்தகைய ஊர்களில் வாழ்வோருக்கு அலர்ஜி என்னும் உபத்திரவம் உண்டாக நியாயமில்லை என்று நகரவாசிகள் கருதுவதுண்டு. உண்மையோ வேறு. கரையோரத்தின் ஈரக்காற்று படுக்கையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருக ஏதுவாகிறது. சவுக்கும் சீமைக் கருவேலமும் தம் மகரந்தத்தை அக்காற்றிலேயே பரப்புகின்றன. இறாலும் நண்டும், உணவு ஒவ்வாமைக்கு உலகெங்கும் பெயர்பெற்றவை.

இவ்வுபாதைக்கு ஆளானோர் பலர், மருந்துக் கடையில் ‘அலர்ஜி மாத்திரை’ என்று கேட்டு வாங்கி விழுங்கி, தும்மல் நின்றதும் நோயும் நீங்கிற்று என்று திருப்தியடைகின்றனர். தும்மலைத் தணிப்பது வேறு. தும்ம வைக்கும் சரீர இயல்பை மாற்றுவது வேறு. மூச்சே அடைபடும் தறுவாயில் உயிரைக் காப்பது இவ்விரண்டினும் வேறு. இம்மூன்றுக்கும் இன்று தனித்தனிச் சிகிச்சைகள் உண்டு. எதற்கு எது என்று அறிந்துகொள்ளாமல் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பதே பெருந்தீங்கு.

கப்பலில் தொடங்கிய ஆராய்ச்சி

சொறி மீன் கையிற் பட்டால் தீப்பட்டாற்போல் எரியும் என்பதைக் கடல்மேற் செல்வோர் நன்கறிவர். 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் பயணம் செய்த பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும், அவ்வகையைச் சார்ந்த கடற்பிராணி ஒன்றின் நஞ்சை ஆராயத் தொடங்கி, பாரிஸுக்குத் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு நாய்களிடம் சோதனையைத் தொடர்ந்தனர். முதன்முறை செலுத்திய நஞ்சைத் தாங்கிப் பிழைத்த நாய், சில வாரங்கள் கழித்துச் சிறிதளவு செலுத்தியபோது, சற்று நேரத்திலேயே மூச்சுத் திணறி மாண்டது. பழகிய நஞ்சு வலுவிழக்கும் என்னும் நம்பிக்கையைத் தலைகீழாக்கிய இந்நிலைக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டு, இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

உடலைக் காக்க அமைந்த எதிர்ப்புச் சக்தியே, தீங்கற்ற பொருளொன்றைப் பகையென்று கொண்டு அதன்மேற் பாய்வதுதான் ஒவ்வாமையின் சாரம். 1960களின் பிற்பகுதியில் இஷிசாக்கா தம்பதியரும் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரும் தனித்தனியே கண்டறிந்த ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புரதம், தோலிலும் மூக்கிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக் காத்திருக்கிறது. அந்தப் பொருள் மறுபடி உட்புகும்போது அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களை வெளிவிட, தும்மலும் தடிப்பும் இழுப்பும் தோன்றுகின்றன.

முதற்கண் காரணம் அறிதல்

எந்தச் சிகிச்சைக்கும் முன்னர், எப்பொருளால், எவ்வேளையில், எவ்வளவு நேரத்தில் உபாதை வருகிறது என்று மருத்துவர் விசாரித்தறிய வேண்டும். அதன்பின் முன்கையில் சந்தேகத்துக்குரிய பொருள்களின் துளிகளை இட்டு மெல்லக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை, 15 முதல் 20 நிமிஷங்களில் விடை தருகிறது. அலர்ஜி மாத்திரை உட்கொள்வோர் சில நாள் முன்னரே, மருத்துவர் சொற்படி, அதை நிறுத்தியிருக்க வேண்டும். அது இயலாதவர்க்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவைக் காணும் பரிசோதனை உண்டு. கவரிங் நகை, தலைமுடிச் சாயம், சிமென்ட், பார்த்தீனியச் செடி ஆகியவற்றால் வரும் தோல் அழற்சிக்கோ முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைக்கும் பரிசோதனையே உரியது.

பரிசோதனையில் ஒரு பொருள் தென்பட்டதனால் மட்டும் அதுவே நோய்க்குக் காரணம் என்று துணிந்துவிடலாகாது. தூசிப்பூச்சி, கரப்பான், இறால் ஆகிய மூன்றிலும் டிரோப்போமயோசின் என்னும் புரதம் ஏறக்குறைய ஒரே வடிவில் இருப்பதால், தூசியால் மட்டுமே தும்முபவருக்கும் இறால் பரிசோதனை ஒவ்வாமை காட்டக்கூடும். இறாலை உண்டு ஒரு தீங்கும் அறியாதவர், தாளில் அச்சிட்ட முடிவைக் கண்டு அதைக் கைவிடத் தேவையில்லை. இதற்கு எதிரான மயக்கமும் உண்டு: சூரையும் கானாங்கெளுத்தியும் பிடிபட்டவுடன் பனிக்கட்டியில் வைக்கப்படாவிடில் அவற்றில் ஹிஸ்டமின் தானே பெருகும்; சமைத்தாலும் அழியாது. அதனை உண்டு முகம் சிவந்து தடிப்பு வந்தால் அது கெட்டுப்போன மீனின் நஞ்சேயன்றி மீன் ஒவ்வாமை அன்று.

தணிக்கும் மருந்துகள்

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளுக்கு 1930களில் பாரிஸின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வழிவகுத்தவர் டேனியல் போவே. 1957இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. பழைய குளோர்ஃபெனிரமின் போன்றவை கடும் உறக்கம் தருவன. விடியுமுன் படகேறுவோரும் வாகனம் ஓட்டுவோரும் அவற்றை உட்கொள்வது அபாயம். ஃபெக்ஸோஃபெனாடின், லோரட்டாடின், பிலாஸ்டின் ஆகிய பிற்காலத்தவை அக்குறை பெரிதும் நீங்கியவை. செட்டிரிசின் சிலருக்குச் சற்றே உறக்கம் தரும்.

மூக்கடைப்பே பிரதான உபாதையாயின், மாத்திரையைக் காட்டிலும் ஸ்டீராய்டு கலந்த மூக்குத் தெளிப்பான் மிகுந்த பயன் தரும். ஓரிரு நாளில் முழுப் பலன் காணவில்லையென்று கைவிடாமல், தினந்தோறும், நடுத்தண்டை நோக்காமல் பக்கவாட்டாகத் தெளிக்க வேண்டும். உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்துகளையோ சில நாளுக்குமேல் நீடித்தால் அடைப்பு முன்னினும் மிகும். ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவர் எழுதாமல் தாமே வாங்கி உண்பது நீரிழிவையும் எலும்புத் தேய்வையும் விலைக்கு வாங்குவதாகும்.

இயல்பை மாற்றும் சிகிச்சை

மேற்கூறியவற்றை நிறுத்தினால் உபாதை திரும்பும். சரீரத்தின் பகைமையையே குறைக்க முயலும் முறையை 1911இல் லண்டனில் லெனார்டு நூன் வெளியிட்டார். மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தித் தோலடியில் செலுத்துவது அது. முதலில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும், 3 முதல் 5 ஆண்டுகள் தொடர வேண்டும். ஊசிக்குப்பின் அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே தங்குவது நியதி. நாவின் கீழ் வைக்கும் சொட்டும் மாத்திரையும் இன்று வழக்கிலுள்ளன. தூசிப்பூச்சி, மகரந்தம், தேனீ, குளவி ஆகியவற்றால் வரும் ஒவ்வாமைக்கு இம்முறை பயன்படும். ஆஸ்துமா அடங்காதிருக்கும்போது இதைத் தொடங்கலாகாது.

உணவில், வேர்க்கடலைக்கு மட்டும் வாய்வழிப் பொடியொன்றை அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் அங்கீகரித்தது. இறாலுக்கு அத்தகைய மருந்து இன்னும் இல்லை. தவிர்ப்பதே அதற்குச் சிகிச்சை.

உயிரியல் மருந்துகள்

சாதாரண மருந்துகளுக்கு அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கும் நாட்பட்ட தடிப்புக்கும் அண்மைக்காலத்தில் வந்தவை இவ்வூசிகள். ஐ.ஜி.ஈ.யைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் ஓமாலிசுமாப் 2003இல் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, 2024இல் உணவு ஒவ்வாமைக்கும் பெற்றது. எக்ஸிமா என்னும் தோல் நோய்க்கு டுபிலுமாப் 2017இல் வந்தது. விலை மிகுந்த இவற்றை இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை செலுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் நோய் மீளவும் கூடும். ஆகவே, ஏனைய வழிகளை முறையாகக் கைக்கொண்டும் குணம் காணாதவர்க்கே இவை பொருந்தும்.

ஆபத்து வேளையில்

உணவோ ஊசியோ கொட்டோ நேர்ந்த சற்று நேரத்தில் தடிப்புடன் குரல் கம்மல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்தால், அது அனாஃபிலாக்சிஸ். ரிஷே கப்பலேறிய அதே 1901இல் ஜப்பானிய ரசாயன அறிஞர் ஜோகிச்சி தகமினே உலகுக்கு அறிவித்த அட்ரினலினே அதற்கு முதல் மருந்து, பெரியவர்க்கு 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்பக்கத் தசையில் செலுத்தப்படும். தாமே குத்திக்கொள்ளும் பேனா வடிவ ஊசி நம் நாட்டில் எளிதிற் கிடைப்பதில்லையாதலால், தாமதமின்றி மருத்துவமனை சேர்வதொன்றே வழி. நோயாளியைக் கிடத்திக் கால்களை உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சு முட்டுபவர் உட்காரலாம், எழுந்து நடக்கவிடலாகாது. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துக் காத்திருப்பதே இவ்வேளையில் நேரும் மிகப் பெரிய பிழை.

கனகசெட்டிக்குளத்தாருக்கு அண்டையிலுள்ள கணபதிசெட்டிக்குளத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. உபாதை வந்த நாள், உண்ட பொருள், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றைக் குறித்த தாளொன்றுடன் அங்கே செல்பவர், மருந்துக் கடையில் பல ஆண்டு செலவிட்டும் கிட்டாத தெளிவைப் பெறுவார். அத்தெளிவு வாய்த்த பிறகே, தணிப்பது போதுமா, மாற்ற முயல வேண்டுமா என்பதை மருத்துவரும் அவரும் கூடித் தீர்மானிக்க முடியும்.